மொரம்பு ஏற்றத்தில் பேட்டரி ட்ரைசைக்கிள்: முன் சக்கரம் சும்மா சுற்றுகிறது, என்ன செய்யலாம்?

ஒடுகத்தூர்_பால்கேன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கொல்லையிலேயே, அதாவது விவசாய நிலத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து தார் ரோட்டுக்கு ஏறும் பாதை முழுக்க மொரம்பு (சரளை மண்). காலையும் சாயங்காலமும் இரண்டு 20 லிட்டர் கேனில் சொசைட்டிக்குப் பால் போகிறது. பெரியவர்கள் ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 48 வோல்ட், 500 வாட் கியர் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும், உள்ளே பல்சக்கரம் உள்ள மோட்டார்) போட்டிருக்கிறேன். பேட்டரி நான்கு லெட் ஆசிட், சீட்டுக்குப் பின்னால் பெட்டியில். வீல் 26 இஞ்ச்.

தார் ரோட்டில் ஒரு குறையும் இல்லை. ஏற்றத்தின் பாதியில் மட்டும் முன் சக்கரம் கரகரவென்று கல்லைப் பின்னால் வாரி அடிக்கிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. ஒரு முறை குழி பறித்துவிட்டால் அப்புறம் இறங்கித் தள்ள வேண்டியதுதான். பாலோடு தள்ளுவது என்றால் இடுப்பு போய்விடுகிறது. மோட்டார் வாங்கிய கடையில் 1000 வாட் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

ஃபுல்_த்ராட்டில்:
தாராளமாக மாற்றுங்கள் ப்ரோ. மலையடிவாரத்தில் 500 வாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1000 வாட், அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய கன்ட்ரோலர், முடிந்தது கதை.

காட்பாடி_லேத்:
கதை அங்கேதான் ஆரம்பிக்கும். சக்கரம் ஏற்கெனவே சும்மா சுற்றுகிறது என்கிறார். சுற்றுவதற்குப் பலம் இருக்கிறது, மண்ணைப் பிடிப்பதற்குத்தான் ஆள் இல்லை. வழுக்குமரம் ஏறுகிறவனுக்கு இன்னும் இரண்டு பிளேட் ஆம்பூர் பிரியாணி போட்டால் ஏறிவிடுவானா? 1000 வாட் போட்டால் குழி சீக்கிரம் ஆழமாகும், அவ்வளவுதான்.

தம்பி, மூன்று விஷயம் அளந்து போடுங்கள், அப்புறம் பேசலாம். ஒன்று, ஏற்றம் எவ்வளவு: ஒரு மீட்டர் நீளச் சட்டத்தைப் பாதையில் வைத்து, மேல் ரசமட்டம் வைத்து, தாழ்ந்த முனையை மட்டம் வரும்வரை தூக்குங்கள். எத்தனை சென்டிமீட்டர் தூக்குகிறீர்களோ அத்தனை சதவீதம் ஏற்றம். இரண்டு, முன் சக்கரத்தின் மேல் எவ்வளவு பாரம்: பழைய இரும்புக் கடைத் தராசில் முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி, பின் சக்கரங்களுக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்து, நீங்கள் சீட்டில் உட்கார்ந்து, கேனோடு பாருங்கள். மூன்று, கொக்கி போட்ட டிஜிட்டல் தராசை ஹேண்டில் கழுத்தில் கட்டி, ஏற்றத்தில் ஆள் விட்டு மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். எத்தனை கிலோவில் நகர்கிறது?

ஒடுகத்தூர்_பால்கேன்:
அளந்துவிட்டேன் அண்ணா. ஏற்றம் மோசமான இடத்தில் 12 சென்டிமீட்டர். முன் சக்கரத்தில் சமதளத்தில் 50 கிலோ. மொத்தம் வண்டி, நான், பால் சேர்த்து 170 வருகிறது. இழுத்துப் பார்த்ததில் தராசு 28க்கும் 32க்கும் நடுவே ஆடியது.

காட்பாடி_லேத்:
கணக்கோடு ஒத்துப்போகிறது. 170 கிலோவை 12 சதவீதத்தில் ஏற்ற 20 கிலோ இழுவை வேண்டும். மிச்சம் 10 கிலோ, தளர்ந்த மண்ணில் டயர் புதைந்து உருள்வதற்கு ஆகிற செலவு.

இப்போது முன் சக்கரத்துக்கு வாருங்கள். சமதளத்தில் 50 என்றாலும் ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயும். உங்கள் வண்டி நீளத்துக்கு 12 கிலோவாவது போய்விடும். மிச்சம் 38. தளர்ந்த மொரம்பில் பிடிமானம் பாரத்தில் 100க்கு 40 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 38க்கு 15 கிலோ. வேண்டியது 30, கிடைப்பது 15. எத்தனை வாட் போட்டாலும் இந்த 15 மாறாது.

பின் சக்கரம் இரண்டிலும் சேர்த்து 132 கிலோ உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பிடிமானம் 53 கிலோ. அதாவது பாரம் எல்லாம் பின்னால் இருக்க, வேலை செய்கிற சக்கரம் முன்னால் இருக்கிறது.

கன்ட்ரோலர்_பைத்தியம்:
லேத் அண்ணன் கணக்கில் இன்னொரு பக்கம் சேர்க்கிறேன். 30 கிலோ இழுவையை மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற எவ்வளவு வாட் வேண்டும்? சுமார் 330. அவ்வளவுதான். 500 வாட் மோட்டாரில் பலம் போதும். ஆனால் 26 இஞ்ச் சக்கரத்தில் 30 கிலோ தள்ள 97 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வேண்டும். இந்த மாதிரி கியர் ஹப் உச்சத்தில் 50, 60 கொடுத்தாலே அதிகம். மோட்டார் வேகமாகச் சுற்றத்தான் வடிவமைத்தது. நடக்கிற வேகத்தில் திணறினால் கரண்ட் பெரும்பாலும் சூடாகத்தான் போகும். உள்ளே நைலான் பல்சக்கரம் இருக்கிறது, அதுவும் இளகும். ஏற்றத்தில் மாட்டிக்கொண்டு த்ராட்டிலைப் பிடித்தபடியே நிற்காதீர்கள்.

ஃபுல் த்ராட்டில் ப்ரோவுக்கு ஒன்று: 250 வாட்டுக்குக் கீழே, 25 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே என்ற வரம்பைத் தாண்டினால் சட்டப்படி அது மோட்டார் வாகனம். 500 வாட்டே அந்த வரம்புக்கு மேலேதான். கொல்லைப் பாதையில் யாரும் கேட்க மாட்டார்கள், தார் ரோட்டில் 1000 வாட்டோடு போகும்போது கேட்கலாம்.

ஃபுல்_த்ராட்டில்:
சரி சரி, எல்லோரும் சேர்ந்து அடிக்காதீர்கள். அப்படியானால் முன்னால் ஒரு மூட்டை மணல் கட்டிவிட்டால்?

காட்பாடி_லேத்:
திசை சரி. ஆனால் மணல் எதற்கு, 26 கிலோ பேட்டரி பின்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறதே. அதை முன்னால் கொண்டுவந்தால் முன் சக்கரம் 38லிருந்து 64 ஆகும், பிடிமானம் 25 கிலோ ஆகும். காசே இல்லாமல் 10 கிலோ லாபம். ஒரே எச்சரிக்கை: ஹேண்டில்பாரில் தொங்கும் கூடையில் வைக்காதீர்கள். திருப்பும்போது 26 கிலோவும் கையோடு திரும்பும், ஒரு பள்ளத்தில் ஹேண்டிலைப் பிடுங்கிவிடும். ஃபிரேமின் கழுத்துக் குழாயிலிருந்து தனியாக ஒரு தட்டு வெல்டிங் செய்யுங்கள். ஹேண்டில் திரும்பினாலும் தட்டு திரும்பக் கூடாது. அப்புறம் முன் ஃபோர்க்கில் டார்க் ஆர்ம், அதாவது மோட்டார் அச்சு சுற்றாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பட்டை, இருக்கிறதா? இல்லையென்றால் பிடிமானம் கூடிய முதல் நாளே அச்சு ஃபோர்க்கின் வாயைக் கிழித்துக்கொண்டு சுற்றி, ஒயரை அறுத்துவிடும். இதுவரை சக்கரம் வழுக்கியதால் தப்பித்தது.

பேரணாம்பட்டு_அக்கா:
நான் பேச வந்தது வேறு. என் தம்பிக்குக் கால் வராது, பேட்டரி ட்ரைசைக்கிள் ஓட்டுகிறான். அதிலும் மோட்டார் முன் சக்கரத்தில்தான். வீட்டு வாசல் சாய்தளத்தில் ஜல்லி கொட்டியிருந்தபோது இதே தொல்லை. அவன் கண்டுபிடித்த வழி: பின்பக்கமாக ஏறுவது. பின்பக்கமாக ஏறினால் மோட்டார் சக்கரம் தாழ்ந்த பக்கம் வந்துவிடுகிறது, பாரம் அதன் மேல் சாய்கிறது. சின்ன ஏற்றத்துக்கு அருமையாக வேலை செய்கிறது. திரும்பிப் பார்த்து ஓட்டக் கழுத்து வலிக்கும், அதனால் கண்ணாடி வைத்திருக்கிறான்.

கன்ட்ரோலர்_பைத்தியம்:
அக்கா, அருமை. ஆனால் பால்கேன் வண்டியில் அது நடக்காது. கியர் ஹப்புக்குள் ஒருவழி க்ளட்ச் இருக்கிறது, ரிவர்ஸ் கொடுத்தால் மோட்டார் உள்ளே சுற்றும், சக்கரம் சுற்றாது. உங்கள் தம்பி வண்டியில் க்ளட்ச் இல்லாத, நேரடியாகச் சுற்றும் ஹப் இருக்கும்.

பாலாற்றங்கரை:
இன்னாபா, எல்லோரும் மோட்டாரையே பேசிக்கினு கீறீங்க. மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே.

எங்கள் தோப்புப் பாதையில் 2021 நவம்பர் வெள்ளத்தில் பாலாறு மணலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது. சைக்கிளும் ஏறவில்லை, ஒன்றும் ஏறவில்லை. கரும்புச் சோகையைப் பரப்பி, மேலே மொரம்பு அடித்து, தண்ணீர் ஊற்றி, டிராக்டரை நாலு முறை ஓட்டினோம். இன்றைக்கும் நிற்கிறது. மொரம்பில் களி கொஞ்சம் இருக்க வேண்டும், இல்லையென்றால் காய்ந்ததும் உருண்டை உருண்டையாகப் பிரிந்து காலை வாரிவிடும். தம்பி, உங்கள் பாதையில் கல் எப்படி? உருண்டைக் கல்லா, உடைத்த கல்லா?

ஒடுகத்தூர்_பால்கேன்:
ஓடைக் கல் ஐயா, உருண்டைதான். மழையில் மண் அரித்துக்கொண்டு போய்க் கல் மட்டும் மேலே நிற்கிறது.

பாலாற்றங்கரை:
அதுதான் விஷயம். உருண்டைக் கல் ஒன்றின் மேல் ஒன்று உருளும், எந்த டயரும் பிடிக்காது. பெரிய கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, க்ரஷர் கல், அதாவது உடைத்த அரை ஜல்லி, கூடவே க்ரஷர் டஸ்ட் கலந்து கொட்டுங்கள். முனை முனையாக இருப்பதால் ஒன்றுக்கொன்று பூட்டிக்கொள்ளும். நனைத்துத் தட்டுங்கள். மேல் பக்கம் ஒரு குறுக்கு வாய்க்கால் வெட்டி மழைத் தண்ணீரை ஓரமாகத் திருப்பாவிட்டால் அடுத்த ஐப்பசியில் எல்லாம் ஓடைக்குப் போய்விடும். பாதி பேர் இந்த வாய்க்காலை வெட்டுவதில்லை, அப்புறம் வருஷா வருஷம் மண் கொட்டுகிறார்கள்.

ஒடுகத்தூர்_பால்கேன்:
நல்ல நேரத்தில் சொன்னீர்கள் ஐயா. பக்கத்துக் கொல்லைக்காரர் தன் குட்டி யானை (சின்ன சரக்கு வண்டி) ஏற வசதியாக அதே பாதையில் இரண்டு கான்கிரீட் பட்டை போடலாம், செலவைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளலாம் என்கிறார். அப்படிப் போட்டால் என் பிரச்சினையும் தீர்ந்துவிடும் அல்லவா?

காட்பாடி_லேத்:
தீராது. காசு கொடுப்பதற்கு முன்னால் நன்றாக யோசியுங்கள். நாலு சக்கர வண்டிக்கு இரண்டு பட்டை போதும். உங்களுக்கு மூன்று தடம். இரண்டு பட்டைக்கும் நடுவில் இருக்கிற ஜல்லியில்தான் உங்கள் முன் சக்கரம் ஓடும், அதுதானே உங்கள் மோட்டார் சக்கரம்! அதோடு உங்கள் பின் சக்கரங்களின் இடைவெளி இரண்டரை அடிகூட இருக்காது, குட்டி யானையின் தடம் அதைவிட ரொம்ப அகலம். ஆக, இரண்டு பின் சக்கரமும் பட்டையில் ஏறாது. ஒன்று மேலே, ஒன்று நடுப்பள்ளத்தில் என்று சாய்ந்தபடி போவீர்கள், பாலும் தளும்பும்.

அவரிடம் பேசி, இரண்டு பட்டையில் ஒன்றை மட்டும் மூன்றடி அகலமாகப் போடச் சொல்லுங்கள். உங்கள் மூன்று சக்கரமும் அதன் மேலேயே ஏறிவிடும். கூடுதல் கான்கிரீட் செலவை நீங்கள் கொடுங்கள். மேலே வழவழவென்று பூசக் கூடாது, ஈரமாக இருக்கும்போதே கம்பியால் குறுக்குக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். கான்கிரீட்டில் பிடிமானம் 100க்கு 70 வாங்கலாம். மண் உருள்கிற செலவும் போய்விடும், 30 கிலோ வேண்டியது 22 ஆகும். முன் சக்கரத்தில் 38 கிலோவே இருந்தாலும் 26 கிடைக்கும். பேட்டரியை நகர்த்தாமலே பிடிமானம் தேறிவிடும். மோட்டாருக்கு மட்டும் 22 கிலோ அதன் சக்திக்கு மேல், அதனால் மிதித்தும் கொடுங்கள்.

இலவம்பாடி_கத்தரி:
நான் முள்ளுக் கத்தரி மூட்டை ஏற்றிப் போகிறவன், மோட்டார் இல்லாத வெறும் ட்ரைசைக்கிள். ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. இந்த வண்டிகளில் செயின் இழுப்பது பெரும்பாலும் ஒரு பின் சக்கரத்தை மட்டும்தான். இன்னொன்று அச்சில் சும்மா சுற்றும். பாதை ஒரு பக்கம் சாய்வாக இருந்தால் மேட்டுப் பக்கச் சக்கரத்தில் பாரம் குறையும். இழுக்கிற சக்கரம் மேட்டில் வந்தால் மிதிப்பதெல்லாம் வீண். இழுக்கிற சக்கரம் தாழ்ந்த பக்கம் வருகிற மாதிரி ஓரத்தைப் பார்த்து ஏற்றுவேன். எது இழுக்கிறது என்று தெரிய, பின்பக்கத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றிப் பாருங்கள்.

கன்ட்ரோலர்_பைத்தியம்:
இது முக்கியம். பால்கேன், நீங்கள் மிதித்துக்கொண்டே மோட்டாரும் கொடுத்தால் முன் சக்கரம் ஒன்று, பின் சக்கரம் ஒன்று, இரண்டும் இழுக்கும். முன்னால் 15 கிலோ, மிச்சம் 15 உங்கள் காலில். ஆனால் சாதாரண பல்சக்கர அளவில் அதற்கு உடம்பு எடை முழுவதையும் பெடலில் போட வேண்டும். முன் பல்சக்கரத்தை 44 பல்லிலிருந்து 32க்கு இறக்குங்கள், பின்னால் 22 போடுங்கள், பாதிக்குக் கொஞ்சம் மேலான அழுத்தம் போதும். வேகம் குறையும், பால் வண்டிக்கு என்ன அவசரம்?

த்ராட்டில் விஷயம்: சக்கரம் ஒரு முறை வழுக்க ஆரம்பித்தால் பிடிமானம் இன்னும் குறைந்துவிடும். அதனால் வழுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. உங்கள் கன்ட்ரோலர் மலிவான சதுர அலை வகை என்றால் த்ராட்டிலைத் தொட்டதும் வெடுக்கென்று இழுக்கும். சைன் அலை கன்ட்ரோலர், அதிலும் கரண்டைக் கட்டுப்படுத்துகிற வகை, மெதுவாக ஏற்றிக் கொடுக்கும். மூன்று ஸ்பீடு சுவிட்சை ஒன்றில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பல கன்ட்ரோலரில் அது வேகத்தைத்தான் குறைக்கும், புறப்படும்போது வருகிற வெடுக்கு அப்படியே இருக்கும். கன்ட்ரோலர் மாற்றுகிற செலவு 1000 வாட் மோட்டார் செலவை விடக் கம்மி.

டயர் காற்றையும் பாருங்கள். பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் உச்ச அளவுக்கு அடித்திருந்தால், ஏற்றத்துக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலாக வையுங்கள். டயர் பரந்து உட்காரும், கல்லில் துள்ளாது. ரொம்ப இறக்கினால் மோட்டார் இழுவையில் டயர் ரிம்மின் மேல் நகர்ந்து ட்யூபின் வால்வைப் பிய்த்துவிடும். வால்வு சாய ஆரம்பித்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். பட்டன் டயர் கிடைத்தால் முன்னால் போடுங்கள், அகலம் ஃபோர்க்கில் நுழைகிற வரை.

ஃபுல்_த்ராட்டில்:
தேங்காய் நார்க் கயிற்றை டயரில் சுற்றினால்? எங்கள் ஊரில் சேற்றுக்கு அப்படிச் செய்வார்கள்.

காட்பாடி_லேத்:
டிஸ்க் பிரேக் இருந்தால் அவசரத்துக்குச் சுற்றலாம். ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்றால் முதல் சுற்றிலேயே பிரேக் கட்டை கயிற்றில் மாட்டி ஆளைத் தூக்கி அடிக்கும். தினசரிக்கு ஆகாது.

நிரந்தரமாகத் தீர வேண்டும் என்றால் என் வழி இது. இருக்கிற ஹப் மோட்டாரையே வைத்துக்கொள்ளலாம், புதிது வேண்டாம். முன் சக்கரத்திலிருந்து கழற்றி, ஸ்போக் எல்லாம் எடுத்துவிட்டு, சீட்டுக்கு அடியில் ஃபிரேமில் இரண்டு பிளேட் வெல்டு செய்து அச்சோடு பூட்ட வேண்டும். ஹப்பில் டிஸ்க் பிரேக்குக்கு ஆறு போல்ட் துளை இருக்கும். அதில் 18 பல் சக்கரம் ஒன்றை லேத்தில் தட்டு கடைந்து பூட்டினால், அங்கிருந்து செயின் பின் அச்சில் இருக்கும் 44 பல்லுக்கு. வேகம் இரண்டரை மடங்கு குறையும், இழுவை இரண்டரை மடங்கு ஏறும். 25 கிலோமீட்டர் ஓடியது 10 கிலோமீட்டர்தான் ஓடும், ஆனால் 37 கிலோ இழுக்கும். மோட்டாரும் தன் வேகத்தில் சுற்றுவதால் அவ்வளவாகச் சூடாகாது.

பின் அச்சில் ஒரு சக்கரம் மட்டும் இழுத்தால் 26 கிலோதான் பிடிக்கும், உங்களுக்கு அது இழுபறி. இரண்டையும் அச்சோடு இறுக்கினால் மண்ணில் நன்றாக ஏறும், தார் ரோட்டில் திரும்பும்போது டயர் தேய்ந்து இழுக்கும். டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் ஓட விடும் பல்சக்கரக் கூட்டு) போட்டால் திருப்பம் சுகம், ஆனால் ஒரு சக்கரம் உருண்டைக் கல்லில் வழுக்கினால் இன்னொன்றுக்கும் அதே அளவு இழுவைதான் போகும், இரண்டும் செத்துவிடும். பேட்டரி ஆட்டோவின் பின் அச்சுக் கூடு, மோட்டாரோடு வருவது, இந்தச் சின்ன ஃபிரேமுக்கு ரொம்பக் கனம்.

நான் செய்வது இரண்டு பக்கமும் ஃப்ரீவீல், அதாவது ஒரு திசையில் மட்டும் பிடித்து இழுக்கும் பல்சக்கரம். நேராகப் போகும்போது இரண்டும் இழுக்கும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் வேகமாக ஓடி ஃப்ரீவீலில் சுற்றிக்கொள்ளும், உள்சக்கரம் இழுக்கும். ஒன்று வழுக்கினாலும் அச்சு இன்னொன்றை விடாமல் தள்ளும். இடது பக்கத்துக்குச் சாதாரண ஃப்ரீவீல் ஆகாது, எதிர்த்திசையில் பிடிக்கிறது வேண்டும். அதை முதலிலேயே சொல்லி வாங்க வேண்டும்.

ஃபுல்_த்ராட்டில்:
அண்ணா, ஒத்துக்கொள்கிறேன், இது 1000 வாட்டை விட நன்றாக இருக்கிறது. எனக்கும் ஒன்று செய்து கொடுங்கள்.

பேரணாம்பட்டு_அக்கா:
எல்லோரும் ஏறுவதையே பேசுகிறீர்கள். சாயங்காலம் அதே பாதையில் இறங்க வேண்டாமா? தம்பியின் வண்டியில் பிரேக் முன் சக்கரத்தில் மட்டும் இருந்தது. ஜல்லியில் பிடித்ததும் சக்கரம் பூட்டி, ஹேண்டில் திருப்பினாலும் திரும்பவில்லை, வண்டி நேராக வேலிக்குப் போனது. நல்ல வேளை, கிளுவை வேலி.

காட்பாடி_லேத்:
அக்கா சொல்வதைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் ஃப்ரீவீல் போட்டால் இன்னொன்றும் இருக்கிறது: அச்சில் பிரேக் போட்டால் அது சக்கரத்துக்குப் போகாது, ஃப்ரீவீல் சுற்றிவிடும். அதனால் இரண்டு பின் சக்கரத்திலும் தனித்தனி பிரேக் வேண்டும். ஒரே லிவரில் இரண்டு கேபிள் இழுக்கிற மாதிரி, நிறுத்தி வைக்கப் பூட்டோடு. ஏற்றத்தில் நின்று கேன் இறக்கும்போது பூட்டு இல்லையென்றால் வண்டி தானே வீட்டுக்குப் போய்விடும்.

ஒடுகத்தூர்_பால்கேன்:
இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்து பேட்டரி சார்ஜ் ஆகும் என்கிறார்களே, அது?

கன்ட்ரோலர்_பைத்தியம்:
உங்கள் கியர் ஹப்பில் ஆகாது, அதே ஒருவழி க்ளட்ச். நேரடி ஹப் என்றாலும் முன் சக்கரத்தில் அந்தப் பிரேக் பிடித்தால் அக்கா சொன்ன வேலிதான்.

ஒடுகத்தூர்_பால்கேன்:
ஒரு தகவல். பேட்டரியை முன்னால் தட்டு வைத்து மாற்றினேன், டார்க் ஆர்ம் போட்டேன், காற்றை இறக்கினேன். மோசமான இடத்தில் பெரிய கல்லைப் பொறுக்கி, ஜல்லியும் டஸ்ட்டும் கொட்டித் தட்டினோம். ஒரு கேனோடு மிதித்துக்கொண்டே ஏறினால் நிற்காமல் ஏறுகிறது. இரண்டு கேனோடு மேல் வளைவில் இன்னும் ஒரு முறை கரகரக்கிறது, இறங்காமல் சமாளிக்க முடிகிறது. ஹேண்டில் முன்னைவிடக் கனமாக இருக்கிறது, அம்மாவால் ஓட்ட முடியவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் மூன்றடிப் பட்டைக்குச் சம்மதித்துவிட்டார், அறுவடை முடிந்து போடுவதாகச் சொல்கிறார்.

அம்மாவும் ஓட்ட வேண்டும் என்பதால் பின் அச்சு வேலையைச் செய்துவிடலாம் என்று இருக்கிறேன் அண்ணா. எப்போது கொண்டுவரட்டும்?

காட்பாடி_லேத்:
பேட்டரியைத் திரும்பப் பின்னால் மாற்ற வேண்டிவரும், ஆனால் பின் அச்சுக்கு நேர் மேலேயும் இல்லாமல், பின்னாலும் இல்லாமல், கொஞ்சம் முன்னால். பாரம் எல்லாம் அச்சுக்குப் பின்னால் போனால் ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கும். கேன் தட்டையும் ஒரு சாண் முன்னால் நகர்த்திவிடலாம்.

புதன் கொண்டுவாருங்கள், செவ்வாய் எங்கள் பக்கம் கரண்ட் இருக்காது. வருவதற்கு முன் ஹப்பின் அந்த ஆறு துளையில் எதிரெதிர் துளை இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து இங்கே போடுங்கள். 44 வந்தால் என்னிடம் தட்டு தயாராக இருக்கிறது.

ஒடுகத்தூர்_பால்கேன்:
44தான் அண்ணா. புதன் காலை பால் ஊற்றிவிட்டு வருகிறேன்.